மூன்று தடவை தண்ணீர்

பாதிரியாரின் அக்கா அந்த வீட்டுக்கு வந்தது ஒரு வாரம் தங்கிப் போகத்தான். தம்பிக்கு மஞ்சள் காமாலை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கடிதம் வந்தது. ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். காமாலை மூன்று வாரத்தில் இறங்கிவிட்டது. அக்கா இருபத்திரண்டு வருஷமாக இன்னும் கிளம்பிக்கொண்டே இருக்கிறாள். "நான் ஊருக்குப் போறேன்" என்பது அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் மாதிரி, வேளை தவறாமல் அடிக்கும். பெட்டி மட்டும் பரணிலிருந்து இறங்கியதே இல்லை.

போகாததற்குக் காரணம் கேட்டால் செடிகளைக் கைகாட்டுவாள். இவனை இந்தச் சருகுக் குப்பையோடு விட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் எலி வந்து இவனையும் சேர்த்துக் கொறித்துவிடும் என்பாள். அதில் பொய்யில்லை. சாப்பாட்டு மேஜையில் பாதி, கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே என்று எங்கு பார்த்தாலும் பழைய செய்தித்தாள். ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் ஒரு செடி, வேர் முதல் பூ வரை கைகால் விரித்துப் படுத்திருக்கும். தினம் ஒரு தடவை ஈரத்தாளை உருவிவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அவருடைய கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள் சாமியாரைப் பார்க்க வந்தால் பழம் கொண்டுவர மாட்டார்கள், பழைய பேப்பர் கொண்டுவருவார்கள்.

பாதிரியார் நல்ல மனிதர். நோயாளி என்றால் மழையிலும் ஓடுவார். ஆனால் மனிதர்கள் அவர் நினைவில் தங்க மாட்டார்கள், செடிகள்தான் தங்கும். எங்கள் கல்யாணம் எந்த வருஷம் சாமி என்று யாராவது கேட்டால், ஓடைக்கரையில் அந்த மஞ்சள் பூ ஒரு மாதம் பிந்திப் பூத்த வருஷம் என்பார். கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு போவார்.

அவருடைய கையெழுத்து இன்னொரு கொடுமை. எழுதிய மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. அக்காவின் எழுத்தோ முத்து முத்தாக இருக்கும். அதனால் சனிக்கிழமைகளில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வாரம் முழுக்கக் கையில் கிடைத்த காகிதத்திலெல்லாம் கிறுக்கி அங்கிப் பையில் திணித்து வைத்திருப்பதை அவர் மேஜையில் கொட்டுவார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, "இது என்னடா?" என்று கேட்டுக் கேட்டு எழுதுவாள். செடி என்றால் சீட்டில் எழுதி, செடி ஒட்டிய அட்டையில் ஒட்டுவாள். ஒரே மாதிரி இரண்டு அட்டை, ஒன்று நகரத்துப் பேராசிரியருக்குப் போகும், ஒன்று வீட்டு அலமாரிக்கு. குழந்தை என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏற்றுவாள். தம்பி கீழே கையெழுத்துப் போடுவார். எழுதி முடித்த காகிதமெல்லாம் அடுப்புக்கு. இத்தனை வருஷத்தில் ஓர் எழுத்துகூடத் தப்பியதில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம்.

கர்வத்துக்கு வேட்டு வைத்தது ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை.

அன்று அக்கா பதிவேட்டைத் திறந்தால், நடுவில் ஒரு கொழுத்த நீர்ச்செடி நசுங்கிக் கிடந்தது. இரட்டைக் குழந்தைகளின் பெயர்மேல் பச்சைச் சாறு இறங்கிப் பக்கமே ஊறிப்போயிருந்தது. கேட்டதற்குத் தம்பி, வீட்டிலேயே கனமான புத்தகம் அதுதான் என்று சாதாரணமாகச் சொன்னார். அக்காவுக்கு வந்தது பாருங்கள் கோபம். இன்னொரு இலை இந்தப் புத்தகத்துக்குள் வந்தால் அன்றைக்கே ஊருக்குப் போய்விடுவேன், இது சத்தியம் என்றாள். அதோடும் நிறுத்தவில்லை.

"இனி நீ எழுதினதை நான் எழுதுவேன். அவ்வளவுதான். எது என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

கேட்கவும் இல்லை. வீம்பு என்று வந்துவிட்டால் அவளை யாரும் அசைக்க முடியாது. அந்த வாரம் பார்த்துக் காகிதக் குவியலில் ஒரு பழைய கடித உறை இருந்தது.

அந்த உறையின் கதை இது. அதற்கு முந்தைய ஞாயிறு விடியற்காலையில் ரொட்டிக்கடைக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது, தங்குமோ தங்காதோ என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பாதிரியார் போனபோது குழந்தையை ரொட்டிக் கூடையில் துணி போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டுக்காக வைத்திருந்தார்கள். தாய் தன் செத்துப்போன அம்மாவின் பெயரை முணுமுணுத்தாள். அவர் அந்தப் பெயரைச் சொல்லி, ஞானஸ்நானமாகத் தலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றினார். குழந்தை அப்போதுதான் முதல் தடவையாக வீல் என்று கத்தியது. எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார். போனால், அடுப்பின் பின்சுவரில், வெதுவெதுப்பான ஒரு விரிசலில், அவர் ஜென்மத்தில் பார்த்திராத ஒரு குட்டிச் செடி பூவோடு நின்றுகொண்டிருந்தது.

பையில் இருந்தது ஒரே ஒரு உறை. குழந்தை பிழைத்த சந்தோஷம், செடி கிடைத்த சந்தோஷம் இரண்டையும் அதிலேயே மேலும் கீழும் குறுக்குமாக எழுதித் தள்ளினார்.

அக்கா உறையைப் படித்தாள். ரொட்டிக்கடை. ஞாயிறு விடியல். பெண். அரை முழம். மேலெல்லாம் வெள்ளைப் பூனைமுடி. அடுப்புச் சூட்டில் உயிர் பிடித்திருக்கிறது. தண்ணீர் மூன்று தடவை. யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. இன்னும் ஒன்று வருமா, அடுத்த வருஷம் போய்ப் பார்க்க வேண்டும். ஓரத்தில் தனியாக ஒரு பெயர், வாயில் நுழையாத நீளத்தில்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தம்பி இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியில் கண்ணைப் புதைத்திருந்தார். கேட்டால் வீம்பு என்னாவது? தானே பிரித்தாள். நீளப் பெயர் செடியின் பெயர். அவன் செடிகளுக்குத்தான் அப்படி வாய் சுளுக்கும் பெயர்கள் இருக்கும். தண்ணீர் ஊற்றியதும் செடிக்கு. பதிவேட்டில் தண்ணீருக்கென்று தனியாக ஒரு பத்தி கிடையாது. இடமும் நாளும் இரண்டுக்கும் பொது. மீதியெல்லாம் அந்தக் குறைமாதக் குழந்தைக்கு. எழுதி நீட்டினாள். தம்பி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். உறையை வைத்து அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மூன்று வருஷம் கழித்துப் பேராசிரியரின் தடிப் புத்தகம் வந்தது. ரொட்டிக்கடைச் செடி உலகத்துக்கே புதிது என்று அதில் அச்சாகியிருந்தது. பாதிரியார் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து தீர்த்தார். ஒரே ஒரு குறை. அவர் பெயர் வேண்டாம், அந்த ஊர்ப் பெயரையாவது வைத்திருக்கலாம். பேராசிரியர் யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு லத்தீனில் வால் ஒட்டி வைத்திருந்தார்.

"எவ பேரோ தெரியல அக்கா. அவரோட மாமியார் பேரா இருக்கும்."

அக்காவுக்கு அது செடியின் பெயர், அவ்வளவுதான். அந்த மாமியாரைப் பற்றி அக்காவும் தம்பியும் மேலும் மூன்று வருஷம் கேலி பேசினார்கள். தடிப் புத்தகம் செடிகளை அமுக்கி வைக்கும் வேலைக்குப் போய்விட்டது.

குழந்தை என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? கூடையில் கிடந்தவள் புசுபுசு என்று உப்பி, ஊருக்கே "பன்னு" ஆகிவிட்டாள். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ரொட்டி கருகிவிடும் என்று தகப்பனே அதை விட்டுவிட்டார். ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டியிருந்தது.

அவர் வந்த அன்று பாதிரியார் ஓடைக்கரையில் இருந்தார். அக்காதான் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். ரொட்டிக்கடைக்காரர் விரல் வைத்துப் படித்தார். பெயர் என்ற இடத்தில், யாரும் வைத்ததாகத் தெரியவில்லை என்று இருந்தது. குறிப்பு என்ற இடத்தில் அரை முழமும் பூனைமுடியும். கடைசி வரிக்கு வந்தபோது அவர் முகம் அடுப்பு மாதிரி சிவந்தது.

"இன்னும் ஒண்ணு வருமான்னு அடுத்த வருஷம் வந்து பாக்கப்போறாரா? எங்க வீட்டுல?"

அக்கா சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் பன்னுவைக் களைச்செடி கணக்கில் சேர்த்துவிட்டீர்களா என்று கத்திவிட்டு அவர் படியிறங்கிப் போனார். போன வேகத்தில் பாதிரியாருக்கு மேலதிகாரியான ஆயருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார்.

ஆயர் பதிவேடு விஷயத்தில் கறார் பேர்வழி, சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். நாலே நாளில் பதில் வந்தது. வியாழக்கிழமை நேரில் வருகிறேன். குழந்தைக்கு இன்ன பெயரில் ஞானஸ்நானம் ஆனது என்பதற்கு அந்தச் சமயத்தில் எழுதிய காகிதம் ஏதாவது இருந்தால் காட்டவும், பிற்பாடு சொல்லும் வாய்வார்த்தை செல்லாது. காகிதம் இல்லையென்றால் பாதிரியார் மாதக் கடைசியில் பங்கை ஒப்படைத்துவிட்டு நகரத்து அலுவலகத்துக்கு வந்து சேரவும் என்று எழுதியிருந்தார்.

அக்கா அன்றைக்கே தம்பியிடம் உண்மையைச் சொன்னாள். உன்னைக் கேட்காமல் நானாகப் பிரித்து எழுதினேன், உறையையும் எரித்துவிட்டேன் என்றாள். அவர் கோபித்துக்கொண்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவரோ ஒரே உறையில் எழுதியது என் தப்பு, படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் என் தப்பு என்று சொல்லிவிட்டுச் செடிகளைக் கட்ட ஆரம்பித்தார்.

"மூணாவது மாடியாம் அக்கா. ஜன்னல் இருக்காம். ஒரு தொட்டி வச்சுக்கலாம்."

அந்த ஒரு தொட்டிதான் அவளை உடைத்தது. இந்த மேஜை காலியாக வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக வேண்டாத நாளில்லை. இப்போது காலியாகிவிட்டது, அவளால் அதன் பக்கம் திரும்பவே முடியவில்லை. நாள் முழுக்க ஓடையும் சுவருமாக அலைந்த மனிதனை ஒரு ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைக்கப்போவது தன் வீம்பு என்று நினைத்து நினைத்து அழுதாள்.

புதன்கிழமை மத்தியானம் முகத்தைக் கழுவிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள்; வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கிளறினார். மனைவி மாவு பிசைந்த கையோடு நின்றாள். பன்னு மட்டும் மேஜைக்கு அடியிலிருந்து மூக்கு நுனியில் மாவோடு வெளியே வந்தாள்.

அக்கா ஏதாவது பேச வேண்டுமே என்று, உன் பேர் என்னம்மா என்று கேட்டாள். பன்னு என்றாள். முழுப் பேர்?

பள்ளிக்கூடத்தில் கேட்பார்களென்று ஒரு மாதமாக ஒத்திகை பார்த்திருந்தாள் குழந்தை. கையைக் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்து, நீளப் பெயரை ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

அக்கா குழந்தையின் முன்னால் குனிந்தாள். "இன்னொரு தடவை சொல்லு கண்ணு" என்றாள். குழந்தை சொன்னாள். மன்னிப்பு, ரொட்டி, குடை எல்லாவற்றையும் கடையிலேயே விட்டுவிட்டு அக்கா தெருவில் ஓடினாள். அவள் ஓடி அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

வீட்டில் தம்பி கட்டி வைத்த கட்டுகளையெல்லாம் அவிழ்த்துக் கொட்டினாள். அவர் பதறிக்கொண்டு வந்தார். அடியிலிருந்து நாலாவது கட்டில் அந்த அட்டை இருந்தது. அடுப்புச் சுவரின் குட்டிச் செடி, காய்ந்தும் நிறம் மங்காமல். கீழே சீட்டில் அவளுடைய முத்து முத்தான எழுத்து. அதைத் தம்பி ஒரு நாளும் படித்ததில்லை; செடியைப் பார்த்தாலே அவருக்குப் போதும்.

"மாமியாரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லடா. இது நம்ம பன்னு!"

வியாழக்கிழமை ஆயர் வந்தார். உட்கார இடம் தேடி, கடைசியில் செய்தித்தாள் இல்லாத ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். ரொட்டிக்கடைக்காரர் குடும்பத்தோடு ஒரு பக்கம், அக்காவும் தம்பியும் ஒரு பக்கம். ஆயர் பதிவேட்டை உரக்கப் படித்தார். பூனைமுடி வந்தபோது பன்னு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கடைசி வரியில் ஆயர் சற்று நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் தரையைப் பார்த்தார்.

அக்கா அட்டையை முன்னால் வைத்தாள். பக்கத்தில் தடிப் புத்தகத்தையும் விரித்து வைத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சண்டையை, வீம்பை, உறையை எரித்ததை, எல்லாவற்றையும். இருபத்திரண்டு வருஷக் கர்வத்தை எல்லோர் முன்னாலும் கழற்றிக் கீழே வைப்பது லேசில்லை.

ஆயர் லேசில் மசிகிறவர் அல்ல. செடிக்கு அந்தப் பெயர் இருக்கிறது, சரி. அதே பெயரில் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆனது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அக்கா அட்டையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். ரொட்டிக்கடைக்காரர், கோபமெல்லாம் எங்கே போனதோ, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தன் கடிதம் ஒரு மனிதரை மூன்றாவது மாடிக்கு அனுப்பப்போகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆயர் சீட்டை மறுபடி படித்தார். பிறகு புத்தகத்தைப் படித்தார். கண்டெடுத்தவர் அன்றே மூன்று தடவை தண்ணீர் ஊற்றிப் பேணியிருக்கிறார் என்று பேராசிரியர் மெச்சி எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிடுங்கிக் காய வைக்கப்போற செடிக்கு யாராவது மூணு தடவை தண்ணி ஊத்துவாங்களா?"

ஆயரின் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது, பிறகு மறுபக்கமும் துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். ரொட்டிக்கடைக்காரர் சிரித்தார், அவர் மனைவி சிரித்தாள், பாதிரியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பன்னுவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அக்காதான் அழுதாள்.

பெயரும் நாளும் இடமும் தண்ணீரும் ஒரே சீட்டில் இருக்கின்றன, இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம் என்று ஆயர் சொன்னார். பாதிரியார் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்; தன் அலுவலகத்தில் அவருக்கு ஜன்னல் ஒதுக்க இடமில்லை என்றார். பதிவேட்டைத் திருத்தச் சொன்னார். அதோடு கறாராக ஒரு நிபந்தனையும் போட்டார்: திருத்தம் செய்தால் அத்தாட்சியை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவைக்க வேண்டும். சீட்டை மட்டும் கிழித்து ஒட்டினால் செல்லாது, அது எதில் இருந்ததோ அதோடு சேர்த்து ஒட்ட வேண்டும்.

எல்லோரும் போன பிறகு அக்கா அட்டையைச் சீட்டும் செடியும் சேதமாகாமல் அளவாக நறுக்கினாள். கஞ்சிப் பசை காய்ச்சினாள். பதிவேட்டைத் திறந்து, தப்பாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, மேலே பன்னுவின் முழுப் பெயரை அழகாக எழுதினாள். தம்பி பக்கத்தில் நின்று, இலை நுனி மடங்காமல் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் இலை நுனி மடங்காமல்தான் ஒட்டினாள். மேலே ஒரு சுத்தமான தாளை வைத்துப் புத்தகத்தை மூடி, அதன்மேல் பேராசிரியரின் தடிப் புத்தகத்தைக் கனத்துக்கு வைத்தாள்.

"பதிவேட்டுக்குள்ள இலை வந்துடுச்சே அக்கா. அப்ப நீ ஊருக்குப் போகணுமே?" என்றார் தம்பி.

அக்கா பசைக் கையைத் துடைத்தாள். சனிக்கிழமை எழுத வேண்டிய காகிதங்களை இப்போதே எடுத்து வை என்றாள். அவர் அங்கிப் பையைக் கவிழ்த்தார். மேலே கிடந்த துண்டுக் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"இது என்னடா? குழந்தையா, செடியா?"